‘கூறப்படுகிறது’ என்றால்... யார் கூறியது?

2023 மார்ச் முதல் வாரம். திருப்பூர் ரயில் நிலையத்தில் வடக்கே போகும் ரயில்களுக்குக் கூட்டம் முண்டியடித்தது. தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம், காதில் செல்போன். பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் அவர்கள். மார்ச் 8 ஹோலி என்பதால் பண்டிகைக்குக் கிளம்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மற்றவர்களை ரயில் ஏற்றியது ஊரிலிருந்து வந்த போன். ‘அங்கே நம்ம ஆளுங்களை வெட்டுறாங்களாமே, உடனே கிளம்பி வா’ என்று அம்மாவோ அண்ணனோ அழுதபடி பேசிய போன்.

ஊரில் இருந்தவர்கள் பார்த்தது சில வீடியோக்களை. ஒன்றில் நடுரோட்டில் ஒருவரை வெட்டிச் சாய்க்கிறார்கள். அது ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. இன்னொன்று, பீகார் தொழிலாளர்களே திருப்பூரில் இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. ‘இவை பொய்யாகப் பரப்பப்படுகின்றன’ என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு வீடியோவில் பேசி மறுத்தார். ஆனால், வதந்தி அதற்குள் பாட்னா போய்ச் சேர்ந்து, இந்தி நாளிதழ்களில் அச்சாகி, பீகார் சட்டமன்றத்தில் அமளியும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவது பத்திரிகைகள் மூலம் தெரியவந்ததாக மார்ச் 2 அன்று ட்விட்டரில் எழுதினார் அம்மாநில முதல்வர் நிதிஷ்குமார்.

‘பத்திரிகைகள் மூலம்’ என்ற அந்த இரண்டு சொற்களிடம் கொஞ்சம் நிற்போம். முதல்வருக்குப் பத்திரிகை மூலம் தெரிந்தது. பத்திரிகைக்கு? வீடியோ மூலம். வீடியோவை அனுப்பியவருக்கு? அவருக்கு இன்னொருவர் அனுப்பினார். இந்தச் சங்கிலியில், திருப்பூருக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னவர் எங்கே? பீகார் அரசு அனுப்பிய நான்கு அதிகாரிகள் நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசிய பிறகுதான் பதற்றம் அடங்கியது. ஓர் அரசு, ஒரு விசாரணைக் குழு, இரண்டு மாநிலப் போலீஸ். ஒரு கேள்வியை உரிய நேரத்தில் கேட்காததற்கு இத்தனை செலவு.

அவர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே 2023 ஜனவரியில், அதே திருப்பூரில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களை விரட்டி விரட்டி அடிப்பதாக ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. டீக்கடையில் சிகரெட் புகை தொடர்பாக ஏற்பட்ட தகராறு அது என்று போலீஸ் சொன்னது. அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்தோம்?

‘இது இவருக்கு எப்படித் தெரியும்?’ என்ற ஒரே கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை கையில் எடுத்துக்கொள்கிறது. படிக்கும் ஒவ்வொரு செய்தியிலும், ஒவ்வொரு கட்டுரையிலும், உண்மைச் சம்பவம் என்று சொல்லி விற்கப்படும் ஒவ்வொரு புத்தகத்திலும் கேட்க வேண்டிய கேள்வி.

தோன்றா எழுவாய்

நாம் தினமும் படிக்கும் வகையைச் சேர்ந்த ஒரு செய்தியை மாதிரிக்கு எழுதிப் பார்க்கிறேன்.

‘நள்ளிரவில் வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்த போலீஸார், சந்தேகத்துக்கு இடமாக நின்ற வாலிபரைப் பிடித்து விசாரித்தனர். அவர் முன்னுக்குப்பின் முரணாகப் பதில் அளித்தார். தப்பியோட முயன்றபோது பாலத்திலிருந்து தவறி விழுந்ததில் அவருக்குக் கை முறிவு ஏற்பட்டது. அவருக்குப் பல திருட்டு வழக்குகளில் தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது. இச்சம்பவம் அப்பகுதியில் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.’

ஐந்து வாக்கியங்கள். முதல் நான்கையும் சொன்னவர் யார்? போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர். அவர் சொன்னதாக முதல் மூன்று வாக்கியங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. நிருபரே பாலத்தடியில் நின்று பார்த்ததுபோல ‘தவறி விழுந்ததில்’ என்று இருக்கிறது. நான்காவது வாக்கியத்தில் ‘கூறப்படுகிறது’ வருகிறது. கூறியவர் யார் என்பது மட்டும் வரவில்லை. எழுவாய் வெளிப்படாமல் மறைந்து நிற்பதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்தோமே, செய்தியில் அது இலக்கணத்தோடு நிற்பதில்லை. அங்கே மறைவது ஒரு வார்த்தை மட்டுமல்ல, பொறுப்பேற்க வேண்டிய ஆளும்தான். அந்த வாலிபரின் குரலோ, அவருடைய வீட்டாரின் குரலோ, கட்டுப் போட்ட டாக்டரின் குரலோ ஐந்து வாக்கியங்களில் எங்கும் கிடையாது.

ஐந்தாவது வாக்கியத்தைப் பற்றி எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளிதழில் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், பகுதிநேர நிருபர்கள் போனில் சொல்லும் செய்தியை எழுதி முடித்ததும், ‘அப்பகுதியில் பெரும் பரபரப்பு நிலவியது’ என்று ஒரு வரி சேர்ப்பது என் கைப்பழக்கம். யாரும் சொல்லாத வரி அது. ஒரு குடும்பத் தகராறு பற்றிய செய்திக்கும் அப்படியே சேர்த்தேன். மறுநாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். ‘தம்பி, இங்க ஒரு பரபரப்பும் இல்லையே. அந்தப் பொண்ணு இனிமே எப்படித் தெருவுல நடக்கும்னு யோசிச்சீங்களா?’ என்று கேட்டார். அதட்டவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். அன்றைக்குப் பிறகு அந்த வரியை நான் எழுதியதில்லை. அச்சில் வரும் ஒரு சொல் யாருடைய வாசலில் போய் விழுகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

வாசலில் விழுவதைவிடப் பெரிய விபரீதமும் உண்டு. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸாரால் பிடித்துவைக்கப்பட்டனர். இருவரும் ரோட்டில் உட்கார்ந்து திட்டினார்கள், தரையில் புரண்டதில் உள்காயம் ஏற்பட்டது என்றது எஃப்.ஐ.ஆர். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார். மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்றது அரசின் முதல் அறிக்கை. எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து எழுதியிருந்தால், செய்தி அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், பக்கத்துக் கடையின் சி.சி.டி.வி. பதிவு வெளியே வந்தது. அதில் யாரும் புரளவில்லை. ஜெயராஜ் போலீஸ் வாகனத்தை நோக்கி நடந்து போகிறார். பிறகு, இரவு முழுக்க அடித்தார்கள் என்று தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்ட்ரேட் முன்பு சாட்சியம் சொன்னார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், போலீஸார் மீதே கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸ் பதிவு செய்த முதல் தகவல். அது தீர்ப்பு அல்ல. பல நேரங்களில் நேரில் பார்த்த சாட்சியமும் அல்ல. ‘தவறி விழுந்து கை முறிவு’ என்று அடுத்த முறை படிக்கும்போது, சொன்னது யார் என்று வாசகர் ஒரு நிமிடம் நின்று கேட்டாலே போதும்.

┌ பெட்டிச் செய்தி: இந்தச் சொற்களைக் கண்டால்... ┐

‘வட்டாரங்கள் தெரிவித்தன’: ஒரே ஒரு ஆளாகவும் இருக்கலாம். பெயரை மறைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: வேலை போகும், உயிருக்கு ஆபத்து. அந்தக் காரணம் செய்தியில் சொல்லப்பட்டிருக்கிறதா? பெயர் சொல்லாமல் பேசியவர் உண்மையை வெளியே கொண்டுவருகிறாரா, எதிராளி மீது சேற்றை வாரி இறைக்கிறாரா?

‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’: எத்தனை பேர் என்று செய்திக்குள் தேடுங்கள். மூன்று பதிவுகளை எடுத்துப் போட்டிருப்பார்கள்.

‘ஆய்வில் தகவல்’: யார் செய்த ஆய்வு, எத்தனை பேரிடம், காசு கொடுத்தது யார்? காபி நல்லது என்று சொல்லும் ஆய்வுக்குக் காபி கம்பெனி செலவழித்திருந்தால், வாசகருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கேள்விக்குறித் தலைப்பு: பெட்டிக்கடையில் தொங்கும் வால்போஸ்டரில் ‘பிரபல நடிகர் கைது?’ என்றிருந்தால், உள்ளே பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் இருக்கும். உறுதியாகத் தெரிந்திருந்தால் கேள்விக்குறி எதற்கு?

└──────────────────────┘

இரண்டு பதிவேடுகள், 444 உயிர்கள்

எண்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ‘பலர்’ என்றால் சந்தேகப்படுவோம், ‘37.4 சதவிகிதம்’ என்றால் வாயை மூடிக்கொள்வோம். ஆனால், எண்ணும் யாரோ ஒருவர் சொல்வதுதான். அவர் எதை எண்ணினார், எதை எண்ணாமல் விட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கொரோனா முதல் அலையில் ஒவ்வொரு நாள் மாலையும் சுகாதாரத் துறையின் அறிக்கைக்காகத் தமிழ்நாடே டி.வி. முன்பு காத்திருந்தது. அதில் வரும் இறப்பு எண்ணிக்கையைத்தான் எல்லோரும் எழுதினோம். சில செய்தியாளர்கள் மட்டும் வேறு ஒரு பதிவேட்டையும் பார்த்தார்கள்: சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. மாநகராட்சியில் பதிவான கொரோனா மரணங்கள் பல, அரசின் மாலை அறிக்கையில் ஏறவே இல்லை. 2020 ஜூன் மாதம் இது செய்தியானது. அரசு ஒரு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்கள் மொத்தக் கணக்கில் சேர்க்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அன்றுவரை, அந்த 444 பேரின் வீடுகளில் துக்கம் இருந்தது, அரசின் கணக்கில் அவர்கள் இல்லை.

அந்தச் செய்தியாளர்கள் புலன்விசாரணைக்கு எங்கோ காட்டுக்குள் போகவில்லை. இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விமர்சன வாசிப்பு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

குற்றப் புள்ளிவிவரங்களிலும் இதே கண்ணி இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்கள், போலீஸில் பதிவான வழக்குகள். புகாரை மறுக்காமல் வாங்கும் மாநிலத்தில் எண்ணிக்கை கூடும். ‘போய் சமாதானமாப் போங்கம்மா’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் மாநிலத்தில் குறையும். வழக்குகளின் உயர்வைக் குற்றங்களின் உயர்வாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த அமைப்பே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆனாலும், ‘குற்றத்தில் முதலிடம்’ என்ற தலைப்பு வருடம் தவறாமல் வருகிறது.

விலை போட்ட செய்தி

2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல். ஒரு தலைவரைப் புகழ்ந்து தள்ளும் ஒரே கட்டுரை, போட்டிப் பத்திரிகைகள் பலவற்றில் எழுத்துப் பிசகாமல் வெளியானது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் அவற்றை எடுத்து வைத்து எழுதினார். அதன்பிறகுதான் ‘காசு வாங்கிக்கொண்டு போடும் செய்தி’ என்ற நோய்க்கு நாடறிந்த பெயர் கிடைத்தது. பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக் குழு 71 பக்க அறிக்கை தந்தது. அதில் பத்திரிகைகளின் பெயர்கள் இருந்ததால் கவுன்சில் முழுசாக வெளியிடத் தயங்கியது. தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, 2011-ல்தான் முழு அறிக்கை மக்கள் கைக்கு வந்தது.

அதே 2011 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. இரண்டு இந்தி நாளிதழ்களில் செய்தி உருவில் வந்த விளம்பரத்துக்கான 21,250 ரூபாயைச் செலவுக் கணக்கில் காட்டவில்லை என்பது காரணம். புகார் கொடுத்தவர் தோற்ற வேட்பாளர். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போன வாசகருக்கு யாரும் நஷ்ட ஈடு தரவில்லை.

ஒரு பள்ளியைப் பற்றியோ, மருத்துவமனையைப் பற்றியோ, மனைப் பிரிவைப் பற்றியோ ஒரு கட்டுரை வந்தால் பக்கத்தின் மூலையைப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘விளம்பரப் பகுதி’ என்று இருக்கலாம். அது இல்லாவிட்டாலும் ஒரு அடையாளம் உண்டு: குறை என்று ஒரு வரிகூட இருக்காது.

குறையே இல்லாத கதை

சிறு நாளிதழ், அவசரம், ஆள் பற்றாக்குறை. அதனால்தான் இதெல்லாம் என்று நினைத்தால், ஜெர்மனிக்குப் போக வேண்டும். ‘டெர் ஷ்பீகல்’ உலகின் மதிப்புமிக்க வாரப் பத்திரிகைகளில் ஒன்று. எழுதப்பட்டதைச் சரிபார்க்கும் பிரிவில் அப்போது அங்கே சுமார் 60 பேர் இருந்தார்கள். அந்தப் பத்திரிகையின் நட்சத்திர நிருபராக இருந்தவர் க்ளாஸ் ரெலோஷியஸ். அந்நாட்டின் ‘ரிப்போர்ட்டர்’ விருதை நான்கு முறை வாங்கியவர். 2018 டிசம்பரில், அவர் எழுதியவற்றில் ஆட்களையும் பேச்சுகளையும் காட்சிகளையும் கற்பனையாக இட்டுக்கட்டியிருக்கிறார் என்று அந்தப் பத்திரிகையே அறிவித்தது.

கண்டுபிடித்தவர் சக நிருபர் ஹுவான் மொரேனோ. அமெரிக்க–மெக்சிகோ எல்லை பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ரெலோஷியஸ் பகுதி அவருக்கு உறுத்தியது. ஆசிரியர் குழு முதலில் அவரை நம்பவில்லை. மொரேனோ அமெரிக்காவுக்குப் போனபோது, கட்டுரையில் வருகிறவர்களைத் தேடிப் பிடித்தார். ரெலோஷியஸை நாங்கள் சந்தித்ததே இல்லை என்றார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது ஃபெர்கஸ் ஃபால்ஸ் கதை. மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி எழுத ரெலோஷியஸ் அங்கே தங்கினார். ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்களை வராதே என்று சொல்லும் பலகை இருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகை இல்லை. நகர நிர்வாகி கடலையே பார்த்ததில்லை, காதலித்ததும் இல்லை என்று எழுதினார். அந்த மனிதர் காதலியோடு கடற்கரையில் நிற்கும் போட்டோ இருந்தது! அந்த ஊர்க்காரர்கள் இருவர் பொறுமையாக உட்கார்ந்து, கட்டுரையின் பொய்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள். 60 பேர் கொண்ட சரிபார்ப்புப் பிரிவு கோட்டைவிட்டதை, சம்பந்தப்பட்ட ஊரின் இரண்டு வாசகர்கள் பிடித்தார்கள்.

ஜெர்மன் வாசகர்கள் ஏன் நம்பினார்கள்? அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த அமெரிக்க கிராமம் அப்படியே கட்டுரையில் வந்தது, அதனால்தான். பீகாரில் இருந்தவர்களுக்குத் தமிழ்நாட்டைப் பற்றிய பயம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நமக்கு வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய எரிச்சல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வீடியோ வந்து அதன்மீது உட்கார்ந்துகொண்டது. ஒரு செய்தியைப் படித்ததும் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று மனம் துள்ளினால், நின்று மறுபடி படிக்க வேண்டிய இடம் அது.

புத்தகங்களிலும் இதே கதைதான். 2006-ல் வெளியாகி உலகெங்கும் விற்றுத் தீர்ந்த ‘த்ரீ கப்ஸ் ஆஃப் டீ’, மலையேறப் போய் வழிதவறிய நூலாசிரியரைப் பாகிஸ்தானின் ஒரு மலைக் கிராமம் காப்பாற்ற, அவர் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார் என்று சொன்னது. அந்த நூலாசிரியரின் அறக்கட்டளைக்கு 75,000 டாலர் நன்கொடை கொடுத்தவர் எழுத்தாளர் ஜான் க்ராக்காவர். அவரே 2011-ல் அந்தக் கதையின் முக்கியச் சம்பவங்கள் உண்மையல்ல என்று ஆதாரங்களோடு எழுதினார். நம்பியவர்தான் தேடினார். அதனாலேயே அவர் எழுத்துக்கு என் மனதில் தனி மதிப்பு.

தமிழில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புத்தகக் காட்சியில் வரலாறு, வாழ்க்கை வரலாறு என்று அடுக்கியிருக்கும் புத்தகங்களில் எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டுகிறேன். அடிக்குறிப்பு இருக்கிறதா, சான்றுப் பட்டியல் இருக்கிறதா, பெயரடைவு இருக்கிறதா? பல புத்தகங்களில் மூன்றும் இல்லை. மூடிய அறைக்குள் மன்னனும் மந்திரியும் பேசிக்கொண்டது மட்டும் மேற்கோள் குறிக்குள் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிவைத்தது யார்? சான்று தருவது புத்தகத்தைக் கனமாக்கிவிடும் என்று பதிப்பகங்கள் நினைக்கின்றன. வாசகர்கள் கேட்டு வாங்கினால் மாறும்.

‘எதையுமே நம்ப மாட்டேன்’

இதுவரை படித்துவிட்டு, ‘எல்லாப் பத்திரிகையும் பொய், எல்லா சேனலும் விலைபோனவை’ என்று ஒருவர் முடிவுக்கு வந்தால், இந்தக் கட்டுரை தோற்றுவிட்டது என்று அர்த்தம். சாத்தான்குளத்தில் நடந்ததை விடாமல் எழுதியவர்கள் செய்தியாளர்கள். 444 மரணங்களைத் தோண்டியவர்கள் செய்தியாளர்கள். விலை போட்ட செய்தியை அம்பலப்படுத்தியவர் செய்தியாளர். ரெலோஷியஸைப் பிடித்தவரும் செய்தியாளர். எதையும் நம்பாதவர், நல்ல வேலையையும் கெட்ட வேலையையும் ஒரே தட்டில் வைக்கிறார். அதில் லாபம் அடைகிறவர் பொய் சொல்கிறவர் மட்டும்தான். செய்தித்தாளை நம்பாத அதே மனிதர், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததைச் சித்தப்பா அனுப்பினார் என்பதற்காக நம்புவதையும் பார்க்கிறோம்.

அப்படியானால் யாரை நம்புவது? தவறு செய்யாதவர் என்று யாரும் கிடையாது. தவறு செய்தால் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006-ல் வாசகர் ஆசிரியர் என்று ஒரு பதவியை உருவாக்கி, திருத்தங்களைத் தினமும் இடம் ஒதுக்கி வெளியிட ஆரம்பித்தது. ‘டெர் ஷ்பீகல்’ தன் அவமானத்தைத் தானே அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. திருத்தமே வராத பத்திரிகை தவறே செய்யாத பத்திரிகை அல்ல. முதல் பக்கத்தில் எட்டுக் காலம் தலைப்பில் வந்த செய்திக்கு, பத்து நாள் கழித்து உள்பக்கத்தில் நாலு வரி மறுப்பு போட்டால், அதைத் திருத்தம் என்றும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த அளவுகோல் உங்கள் கையில் இருக்கும் இந்த இதழுக்கும் பொருந்தும். மேலே ஆண்டுகளும் தேதிகளும் தொகைகளும் இருக்கின்றன. ஒன்றிரண்டையாவது நீங்களே தேடிச் சரிபாருங்கள். எங்கேயாவது ஆள் இல்லாமல் ஒரு ‘கூறப்படுகிறது’ கண்ணில் பட்டாலோ, ஒரு எண் தப்பாக இருந்தாலோ, ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். தவறு என்று உறுதியானால், இதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டியது எங்கள் கடமை.